பூஜை நேரம் என்று நான் எழுதிய ஒரு மணி நேரம்

நான் வேலைக்குச் சேர்ந்த பருத்தி ஆலையின் டைம் ஆபீஸ் சுவரில் இரண்டு நேரங்கள் தொங்கின. ஒன்று கடிகாரம். அதற்குக் கீழே, ஆணியில் மாட்டிய தினசரி நாட்காட்டி. மானேஜர் உள்ளே வந்தால் முதலில் நாட்காட்டியைத்தான் பார்ப்பார். ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் மூன்றையும் வாய்க்குள் படித்துக்கொண்டு, அதன் பிறகே தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்ப்பார். இலங்கை மலையில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே நேரம்தான் இருந்தது. அது தோட்டத்தை ஆண்ட மேலாளரான பெரியதுரையின் நேரம். மணி அடித்தால் ஓட வேண்டும், மறுபடி அடித்தால் நிற்க வேண்டும். புதுச்சேரியில் எனக்குக் கொடுத்த வருகைப் பதிவேட்டில் பெயர், எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் முடிந்து, கடைசியில் நான் எங்குமே கண்டிராத ஒரு கட்டம் இருந்தது. அதன் தலைப்பு ‘பூஜை’. ஆயுத பூஜை, புது இயந்திரம் வருவது, பழுதான மோட்டார் திரும்ப ஓடுவது என்று எதற்காகக் கற்பூரம் ஏற்றினாலும், தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அதில் எழுத வேண்டும். அந்த நேரத்துக்கு யாரையும் வரவில்லை என்று குறிக்கக் கூடாது. நான் வருவதற்கு முன்பு சங்கம் போராடி வாங்கிய கட்டம் அது. வேலையும் இல்லாத, விடுப்பும் இல்லாத அந்த நேரம் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. 1979 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி எழுந்தது. மலையில் இன்னும் இருக்கும் உங்களுக்காகவும், கப்பலேறி வந்து பருத்தி ஆலைகளில் சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்காகவும் இதை ஏழாண்டு கழித்து எழுதுகிறேன். நாள், கிழமை, மணி, நிமிடம் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. இங்கே தேவையானதை மட்டும் தருகிறேன்.

நான் வந்தது 1974இல். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது என் கையில் இருந்த காகிதம் என்னைத் தாயகம் திரும்புகிறவன் என்றது. என் தாத்தாவின் அப்பா விட்டுவந்த ஊருக்கு நான் எப்படித் திரும்ப முடியும் என்று மண்டபம் முகாமில் கேட்டேன். வரிசையில் பேசாமல் நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து ஆலை வேலைக்கான கடிதத்துடன் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட கடிதம் ஒருவனுக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்று கடிதம் கொடுத்தவரே இரண்டு முறை சொன்னார். வந்த முதல் நாள் ஆலை வாசல் டீக்கடையில், “ஒரு வெறும் தேத்தண்ணி குடுங்க” என்று பால் விடாத டீயைக் கேட்டேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, “அது இன்னா வியாதிக்குங்க குடிக்கிறது?” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் ஆலை முழுவதற்கும் நான் ‘சிலோன்’ ஆனேன். என் பெயரைப் பதிவேட்டில் என்னைத் தவிர வேறு யாரும் எழுதியதும் இல்லை, வாயால் சொன்னதும் இல்லை. அது வேடிக்கையாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். ஊரில் நெசவாலைகளின் நிலைமை ஆட்டம் கண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு வீட்டிலும் வேலைக்குக் காத்திருந்த ஓர் ஆள் இருந்தான். “எம் மச்சான் மூணு வருஷமா அலையுறான். இவரு கப்பல்ல வந்து எறங்குனாரு, நாற்காலி போட்டுட்டாங்க” என்று சங்கச் செயலாளர் கலியபெருமாள் என் காதுபடவே சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அது அதிகமாக உறுத்தியது.

அந்த ஆலையில் என்னோடு உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் காதர் பாய். முல்லா வீதிப் பக்கம் வீடு. ஆலையில் பாரம் இறக்குவது அவர் பொறுப்பு. மூன்று கால் கம்பம் நட்டு, அதில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, பெட்டிக்கு வடம் கட்டித் தூக்குவார்கள். வடம் கட்டும் கை அவருடையது. ‘தூக்கு’, ‘நிறுத்து’, ‘இறக்கு’ என்ற மூன்று சொற்களும் அவர் வாயிலிருந்து மட்டுமே வரலாம். அவர் முறை இதுதான்: முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்வார். அப்படியே தொங்கவிட்டு, காதில் செருகிய பீடியை எடுத்துப் பற்றவைத்து, பாதி பீடி ஆகும்வரை வடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். புது வடம் பாரத்தில் இறுகும்போது முடிச்சு இடம் மாறும் என்பார். பீடி பாதியானதும் அணைத்து, முடிச்சைத் தடவிப் பார்த்து, சரியில்லை என்றால் கீழே வைத்து மறுபடி கட்டுவார். “பாய் பீடி” என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அந்தப் பீடி நேரம் ஆறு நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம், நான் அளந்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புது இயந்திரம் வந்தால் லாரியில் இருக்கும்போதே சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அந்த நேரம் முழுவதும் பாய் ஷெட்டுக்கு வெளியே நிற்பார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. உள்ளே வரச் சொல்லி வற்புறுத்தியதும் இல்லை. முடிந்ததும் யாராவது ஒருவர் வாசலுக்கு வந்து, “பாய், கற்பூரம் அணைஞ்சிடிச்சி, வாங்க!” என்று கத்துவார். அந்தக் கூப்பாடுதான் வேலை தொடங்கும் அடையாளம். பாய் உள்ளே வந்துகொண்டே, “உங்க சாமிகிட்ட சொல்லிட்டீங்களா, இதுக்கு மேல பாரம் எம் பொறுப்புன்னு?” என்பார். ஒரு வாழைப்பழத்தைக் கையில் திணிப்பார்கள். தின்றுவிட்டுத் தோலை இடுப்பில் செருகிக்கொண்டு வடத்தை எடுப்பார். உள்ளே வரும்போது அவரும் பூட்ஸைக் கழற்றிவிடுவார். 1979இல்தான் ஆலை பாரம் இறக்குகிறவர்களுக்கு முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் கொடுத்திருந்தது. ஆனால் கற்பூரம் காட்டிய பெட்டியின் மேல் பூட்ஸ் காலோடு ஏற யாருக்கும் மனம் வரவில்லை. எல்லா பூட்ஸும் ஷெட்டு வாசலில் வரிசையாகக் கிடக்கும். “நீங்க ஏன் பாய் கழட்டுறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “அவனுங்க வெறுங்காலோட நிக்கச் சொல்ல நான் மட்டும் பூட்ஸோட ஏறுனா நல்லாவா இருக்கும்? நாம ஒண்ணா பாரம் தூக்குற ஆளுங்க” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கோவையிலிருந்து ஒரு கார்டிங் இயந்திரம் வர வேண்டியிருந்தது. பஞ்சைச் சிக்கெடுக்கும் இயந்திரம், பெரும்பகுதி வார்ப்பிரும்பு. எட்டு மணிக்கு வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மானேஜர் அறையிலிருந்து ஆள் வந்து, அன்றைய பதிவேட்டுத் தாளைத் தலைமை அலுவலகத் தபாலோடு முன்கூட்டியே கேட்டார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். லாரி ஒன்பதரைக்கு வந்துவிடும், ராகுகாலம் தொடங்கினால் யாரும் எதையும் தொடமாட்டார்கள், ஆக பூஜையும் அதைச் சேர்ந்ததும் பத்தரையோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ‘பூஜை’ கட்டத்தில் 9.30 முதல் 10.30 வரை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத தாள். அப்படித் தாள் எழுதுவதில் எனக்குப் பெருமை இருந்தது.

லாரி வந்தது 9.35. கற்பூரம் ஏற்றியது 9.50. “பாய், கற்பூரம் அணைஞ்சிடிச்சி!” என்ற குரல் கேட்டது 10.08. வடம் கட்டி முடித்து, பாய் “தூக்கு” என்றபோது 10.16. பெட்டி ஒரு சாண் எழும்பியது. “நிறுத்து” என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்து பீடியை எடுத்தார். மானேஜர் என்னைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

“சிலோன், மணி என்ன?”

“பத்து பதினேழுங்க.”

“பாய், பீடியெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். பத்தரைக்குள்ள மிஷின் தரையைத் தொடணும்.”

“வடம் புதுசு சார். ஒரு தடவ ஒக்காந்துக்கட்டும்.”

“நீ வடத்தை ஒக்கார வெக்கிறதுக்குள்ள ராகு வந்து ஒக்காந்துடுவான்யா. தூக்கு!”

தூக்கு என்ற சொல் முதன்முறையாக வேறொரு வாயிலிருந்து வந்தது. சங்கிலி இழுத்தவர்கள் பாயைப் பார்த்தார்கள். பாய் பற்றவைக்காத பீடியைத் திரும்பக் காதில் செருகினார். “சிலோன், மணி சொல்லிக்கிட்டே இரு” என்றார் மானேஜர். சொன்னேன். பத்து பதினெட்டு. பத்து இருபது. லாரியைப் பெட்டிக்கு அடியிலிருந்து முன்னே எடுத்தார்கள். பத்து இருபத்திரண்டு. ஒவ்வொரு முறை நான் சொன்னபோதும் சங்கிலி வேகமாக ஓடியது. பெட்டி இடுப்பு உயரத்துக்கு இறங்கியபோது, அடியில் உருட்டுக் குழாய் வைக்கப் பாய் குனிந்தார். வடம் ஒரு பக்கமாக நழுவியது. பெட்டி சாய்ந்து, அதன் மூலை பாயின் இடது பாதத்தின் மேல் இறங்கியது. அவர் கத்தவில்லை. சங்கிலிக்காரர்கள்தான் கத்தினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். 10.24. மறுபடி கப்பியைப் போட்டுப் பெட்டியைத் தூக்கிக் காலை எடுக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. பாயை ஜீப்பில் ஏற்றிய பிறகு, பெட்டி கிடந்த இடத்தைப் பார்த்து மானேஜர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: “எப்படியோ, நல்ல நேரத்துலயே எறங்கிடுச்சு.”

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அடிபட்டது வேலையில் என்றால் ஆலை அவரை உட்கார்ந்து செய்யும் வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் இல்லை என்றால் பெயரை அடித்துவிடலாம். பாயின் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. மூன்றாம் மாதம் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. காதர் பாய் பூஜை நேரத்தில், வேலை தொடங்குவதற்கு முன்பு, வழிபட வந்தவர்களில் ஒருவராக இயந்திரத்தின் அருகே நின்றபோது தற்செயலாகக் காயமடைந்தார் என்றது கடிதம். சான்றுகள் இரண்டு. ஒன்று, அவர் காலில் ஆலை கொடுத்த பூட்ஸ் இல்லை, வழிபாட்டுக்காகக் கழற்றியிருந்தார். மற்றொன்று, என் தாள்.

இந்த இடத்தில் மலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1966இல் எங்கள் தொழிற்சாலைக்குக் கொழுந்து உருட்டும் புது ரோலர் வந்தது. லாரியிலிருந்து பலகை வைத்துச் சரிக்கும்போது பலகை முறிந்து, ஒருவரின் கை மணிக்கட்டு வரை நசுங்கியது. பெரியதுரை நேரில் வந்து விசாரித்தார். பலகை பழையது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். துரை ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: “அவன் கையை அடியில் வைத்தானா?” வைத்தான் என்றார்கள் எல்லாரும். பலகையைப் பற்றி அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை பெரட்டில், அதாவது விடியலில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், அந்த மனிதரின் பெயர் வாசிக்கப்படவில்லை. அப்பா அன்று எனக்குச் சொன்னார்: “தொர கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். கேக்காதத சொன்னா, அது எதுத்துப் பேசுனதாயிரும்.” கடல் தாண்டி வந்தபோது சுங்கச் சாவடியில் எங்கள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்தார்கள். அப்பாவின் இந்தச் சொல்லை நான் கொண்டுவந்ததை மட்டும் எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் விசாரணை 1980இல், தொழிலாளர் துறை அலுவலகத்தில். விசாரணை அதிகாரி பொறுமைசாலி. ஆனால் கோப்பில் இருப்பதை மட்டுமே பார்ப்பவர். ஆலைக்காக வந்த வக்கீல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். வெயிலிலும் கறுப்புக் கோட்டு. அவர் எழுந்து மத நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். “மெஸ்ஸியே, இந்த ஊரின் அழகே இதுதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இந்த ஆலையில் இல்லை. எல்லாரும் ஒன்றாக நின்று இயந்திரத்தை வணங்குகிறார்கள். காதர் பாய் பூஜைப் பழத்தை வாங்கிச் சாப்பிடுவார். அந்த நல்ல மனிதரே மறுக்க மாட்டார்.” அதுவரை இந்த ஊரில் நான் கேட்ட வசவுகளில் எதுவும் இந்தப் பாராட்டுரை அளவுக்குக் கொடுமையாக இருந்ததில்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பாயின் மனைவி நூர்ஜகான் வாய்விட்டுச் சிரித்தார்.

“யாரு, இவரா? வெள்ளிக்கிழம தொழுகைக்கே நான் முதுகுல கைய வெச்சு தள்ளுனாத்தான் போவாரு. உங்க மிஷினுக்கு காத்தாலயே போயி நின்னுட்டாராமா?”

அமைதியாக இருக்கச் சொன்னார் அதிகாரி. பாயிடம், “பழம் வாங்கிச் சாப்பிட்டது உண்டா?” என்று கேட்டார். பாய் கக்கத்துக் கட்டைகளைச் சரிசெய்துகொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த கலியபெருமாளையும் சங்கிலிக்காரர்களையும் பார்த்தார். “குடுப்பாங்க சார். தின்னுருக்கேன். இல்லன்னு எப்படி சொல்றது?” என்றார். பூஜைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட வேலை செய்தவர்களின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவர்களோ வாயே திறக்கவில்லை. விசாரணைக்கு முந்தின வாரமே கலியபெருமாள் எல்லாரையும் கூட்டிச் சொல்லியிருந்தார்: “பாய் மேல எனக்கும் பாசம்தான்டா. ஆனா அந்தத் தாளு பொய்யின்னு நாம சொன்னா, மானேஜரு பூஜைக் கட்டத்தையே எடுத்துடுவான். அத வாங்க நாம எத்தினி நாளு வாசல்ல கெடந்தோம்?”

பிறகு என் முறை. வக்கீல் தாளைக் காட்டினார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“அடித்தல் திருத்தல் ஏதாவது உண்டா?”

“இல்லைங்க.”

“வொய்லா! இதோ பாருங்கள்!” என்று தாளை அதிகாரியின் மேஜையில் வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எப்போது எழுதினாய் என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். போகலாம் என்றார்கள்; போனேன்.

இரண்டு நாள் கழித்து, மாலையில், நூர்ஜகான் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“சிலோன் அண்ணே, நீங்க மணி பாக்காம தும்மக்கூட மாட்டீங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொல்வாரு. அன்னிக்கு கற்பூரம் எப்ப அணைஞ்சிது?”

“பத்து எட்டு.”

“அப்ப பத்தரன்னு எழுதுனது யாரு கை?”

“என் கைதான்.”

“எப்ப எழுதுனீங்க?”

“காலைல ஒம்பது மணிக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நடக்கறதுக்கு முன்னாலியே எழுதிட்டீங்களா? இன்னா, ஜோசியமும் பாப்பீங்களா? இத ஏன் ஆபீசர்கிட்ட சொல்லல?”

“அவரு கேக்கலீங்க.”

“கேக்கல.” அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். “எங்க வூட்டுக்காரரு காலும்தான் அந்தப் பொட்டியக் கேக்கல, மேல வந்து வுழுன்னு” என்றார். கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “உண்மைய சொன்னா வேல போயிரும். போனா நாம எங்க போறது? திருப்பிக் கப்பல் ஏத்துவாங்களா?” என்றாள். நூலகத்தில் போய்த் தொழிலாளர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எனக்குப் பயம் வந்தால் புத்தகம் தேடுவது வழக்கம். வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்பட்ட காயம் என்று சட்டம் சொன்னது. வேலை எந்த நிமிடம் தொடங்கியது என்பதைச் சொல்ல அந்தப் புத்தகத்தால் ஆகாது. அதைச் சொல்லக்கூடியவர்களில் சிலர் கட்டத்துக்காக வாயை மூடியிருந்தார்கள்; ஒருவர் மானேஜர்; இன்னொருவன் நான். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியே, “எப்ப போயி சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள்.

மறுபடி சாட்சி சொல்ல வேண்டும் என்று நானே மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த விசாரணையில், அதிகாரி கேட்பதற்கு முன்பே, தாளை நான் ஒன்பது மணிக்கு எழுதியதைச் சொன்னேன். கேட்காததைச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. எனக்கு வயது முப்பத்தாறு. வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“இவர் இந்த ஊர்க்காரரே இல்லை. நம் ஆலையில் பூஜை எப்போது முடியும் என்பது இவருக்கு எப்படித் தெரியும்?”

“காதர் பாயைக் கூப்பிட்டா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமுங்க” என்றேன். “பூஜை நடக்கிற வரைக்கும் பாய் வெளியிலதான் நிப்பாரு. கற்பூரம் அணைஞ்சதும் அவரைக் கூப்பிடுவாங்க. அன்னைக்குக் கூப்பிட்டது பத்து எட்டுக்கு. பாய் கால் மேல பெட்டி விழுந்திச்சுன்னா, பாய் உள்ள இருந்தாருன்னு அர்த்தம். பாய் உள்ள இருந்தாருன்னா, அங்க பூஜை நடக்கலைன்னு அர்த்தமுங்க.”

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தினார். முதன்முறையாகக் கோப்பை மூடிவிட்டுத் தலை நிமிர்ந்தார். கலியபெருமாளை எழச் சொன்னார். “அப்படிக் கூப்பிடுவது உங்கள் வழக்கமா?”

கலியபெருமாள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதில் இருந்தது வெறுப்பு, கலப்படமில்லாத வெறுப்பு. பிறகு பாயைப் பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். கடிகாரத்தைப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

“கூப்புடுவோம் சார்” என்றார் கலியபெருமாள். “அன்னிக்கு கூப்புட்டதே நான்தான்.”

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொய்ப் பதிவு எழுதியதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். தாளை முன்கூட்டியே கேட்டவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதப் பதிவேட்டில் பூஜைக் கட்டம் இல்லை. அந்தத் தலைப்பையே நீக்கிவிட்டு அச்சடித்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆயுத பூஜையை வேலை நேரத்துக்கு முன்பு, காலை ஆறு மணிக்கு, அவரவர் செலவில் செய்துகொள்ளச் சொன்னார்கள். ஊருக்கு இதற்குக் காரணம் மானேஜர் இல்லை, நான். “சாமி நேரத்தையே தின்னவன்” என்று டீக்கடையில் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். என் சைக்கிள் டயரை இருமுறை கிழித்தார்கள். நான் குடியிருந்த வீட்டுக்காரர், “உங்களால எங்களுக்கு ஏன் பொல்லாப்பு?” என்று காலி செய்யச் சொன்னார். லாஸ்பேட்டைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டுக்கு மாறினோம். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சரக்குச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. இன்றும் அதைத்தான் செய்கிறேன். தினமும் பாரம் ஏறுகிறது, இறங்குகிறது. பாரம் தொங்கும்போது யாராவது மணி கேட்டால் நான் சொல்வதில்லை. திமிர் பிடித்தவன் என்று அங்கேயும் பெயர் வாங்கியாயிற்று. தோட்டத்தில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள்; இங்கே சிலோன்காரன். இரண்டு பெயரையும் ஒரே மாதிரி முகத்தோடுதான் சொல்கிறார்கள். இந்த ஊரை நான் நேசிப்பதாக எழுதினால் அது என் இரண்டாவது பொய்ப் பதிவாக இருக்கும்.

தீர்ப்பு 1981 கோடையில் வந்தது. பாயே என்னைத் தேடிக்கொண்டு லாரி ஆபீஸுக்கு வந்தார். ரிக்‌ஷாவிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி, சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, மடித்த உறையை நீட்டினார். நூர்ஜகான் பக்கத்தில் நின்றார். “இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சி சொல்லுங்க. நல்லதா கெட்டதான்னுகூட தெரியாம தூக்கிக்கினு வந்துட்டோம்” என்றார். நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். காயம் வேலையின்போது ஏற்பட்டது. ஆலை அவரை வாயிற்காப்பு வேலையில் அமர்த்த வேண்டும். சொன்னேன். நூர்ஜகான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சாக்கு மூட்டையில் சாய்ந்தார். பாய் காதிலிருந்து பீடியை எடுத்தார். பற்றவைத்துக்கொண்டு, “இப்ப மொதல்லேர்ந்து படிங்க. ஒரு வரி வுடாதீங்க. எங்கேயும் ஓடப் போறதில்ல” என்றார்.

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தது. ‘இந்தச் சாட்சி தன் வேலை போகும் என்று தெரிந்தே உண்மையைச் சொல்லியிருக்கிறார், இவரை முழுமையாக நம்புகிறேன்’ என்று இருந்தது. அந்த வாக்கியத்துக்கு முன்னால் என் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் ‘இலங்கையைச் சேர்ந்தவர்’ என்பதும் இருந்தன. அப்போது என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, ரேஷன் அட்டை இருந்தது. என்னை நம்பிய ஒரே அரசாங்கக் காகிதமும் என்னை வெளியேதான் நிறுத்தியிருந்தது.

“இன்னா நிறுத்திட்டீங்க?” என்றார் பாய்.

“உங்க சாட்சியைப் பத்தி எழுதியிருக்கு” என்றேன். “புதுச்சேரியைச் சேர்ந்தவர்னு போட்டிருக்கு.”

“பின்ன வேற எந்த ஊருன்னு போடுவாங்க?” என்று பாய் பீடிச் சாம்பலைத் தட்டினார். “மேல படிங்க.”

‘இலங்கை’ என்ற அந்தச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன். அந்தப் பக்கம் முடியும்வரை விரலை எடுக்கவில்லை.